350-ஐ 500 ஆக்கின புல்லட்: ஓட்டிப் பார்த்தேன், கணக்கும் போட்டேன்

போன வீடியோவுல பின்னாடி ஒரு வண்டி நின்னதைப் பார்த்துட்டு, "சார், அது யாரோட புல்லட்?"னு கமெண்ட்ல நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் சித்தப்பா பையனோடது. 2014 மாடல் கிளாசிக் 350. இப்போ உள்ளே இருக்கிறது 350 இல்லை.

கணக்கு சுலபம். கிளாசிக் 350-ல பிஸ்டன் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. அதான் 346 சிசி. கிளாசிக் 500-லயும் ஸ்ட்ரோக் அதே 90 தான்; போர் மட்டும் 84. உடனே 499 சிசி ஆயிடுது. இந்த 14 மில்லிமீட்டர்தான் "பிக் போர்" ஆசையோட மூலதனம். பேரல், பிஸ்டன், ஹெட் மாத்தி, கிரான்க்கேஸ் வாயை லேத்தில் கடைஞ்சு, கார்புரேட்டர் ஜெட்டையும் பெருசாக்கியிருக்கான். செலவு 60,000 ரூபாய்.

சாரல் ஆரம்பிச்ச ஒரு ஞாயித்துக்கிழமை, தென்காசியில காலை ஆறு மணிக்கு கிளம்பினோம். ஐந்தருவி ரோட்டுல ஒரு சுத்து, அப்புறம் செங்கோட்டை, புளியரை வழியா மேலே ஆரியங்காவு. பின்னாடி அவன் உட்கார்ந்திருக்கான், நான் ஓட்டுறேன்.

உண்மையைச் சொல்லிடறேன், சுகமா இருந்துச்சு. புளியரை தாண்டி எஸ் வளைவு ஏத்தத்துல சாதாரண 350-ன்னா ரெண்டு பேரோட இரண்டாவது கியருக்கு இறங்கணும். இது மூணாவதுலயே, த்ராட்டிலை லேசா திருகினா இழுத்துட்டுப் போகுது. கம்பெனி கிளாசிக் 500-ல டார்க் 41.3 என்எம், 350-ல 28. அந்த வித்தியாசம் முதுகுல தெரியுது. ஆனா 80-ஐத் தாண்டினா ஹேண்டில் பார்ல விரல் மரத்துப் போற அளவுக்கு அதிர்வு. சிக்னல்ல நின்னா தொடை சுடுது. ஏத்தத்துல ஒரு தடவை கிளட்ச் வழுக்குச்சு.

இறங்கும்போதுதான் விஷயம். ஈர ரோடு, முன்னாடி கேரளா லோடு லாரி, வளைவுல திடீர்னு நின்னுட்டான். பிரேக் பிடிச்சேன். வண்டி நின்னுச்சு, ஆனா நான் நினைச்ச இடத்துல இல்லை. இன்ஜின் மாறியிருக்கு, பிரேக் பழைய 350-யோடதுதான்.

பிரானூர்ல பரோட்டா சாப்பிடும்போதுதான் கேட்டேன், "ஏல, ஆர்.சி.ல என்ன சிசி இருக்கு?"

"346 தான்ணே. அதை யாரு பார்க்கப் போறா?"

பார்ப்பாங்க. மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கும் ஆர்.சி.க்கும் முரண் வர்ற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுங்குது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியிருக்கு. அதே வருஷத் திருத்தத்துல வந்த 182ஏ பிரிவுப்படி, ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாசம் வரை சிறை, அல்லது ரெண்டுமே.

அபராதம் எனக்குப் பெரிய கவலை இல்லை. இன்ஷூரன்ஸ்தான். 2022 ஜூன் 1-ல அமலான கட்டணப்படி 150-லிருந்து 350 சிசி வரை தேர்டு பார்ட்டி பிரீமியம் 1,366 ரூபாய், அதுக்கு மேலே 2,804. இவன் கட்டுறது 346 சிசிக்கு, ஓட்டுறது 499. விபத்துல சர்வேயர் பேரலைத் திறந்து பார்த்தா, வண்டிக்கான கிளெய்மை நிராகரிக்க அவங்களுக்குக் காரணம் கிடைச்சாச்சு. எதிர்ல வந்தவருக்குக் கம்பெனி நஷ்டஈடு கொடுத்தாலும், பாலிசி நிபந்தனை மீறல்னா அதை வண்டிக்காரர்கிட்ட வசூலிச்சுக்கச் சொல்லி கோர்ட் உத்தரவு போடறது உண்டு. அது ஆயிரக்கணக்குல இருக்காது, லட்சக்கணக்குல இருக்கும். இவன் மேல இருக்கிறது ஒரே வீடு, நாலு வயசுப் பொண்ணு.

அந்த லாரிக்கும் எனக்கும் நடுவுல இருந்த தூரத்தை அப்போதான் திரும்ப நினைச்சுப் பார்த்தேன். சி.ஏ. படிச்சவன், சாவியை வாங்குறதுக்கு முன்னாடி கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இன்னொரு கணக்கு. அந்த 60,000 பர்சனல் லோன். 16 சதவீதம், ரெண்டு வருஷம். இஎம்ஐ 2,938, வட்டி மட்டும் சுமார் 10,500. மைலேஜ் 35-லிருந்து 25-க்கு இறங்கியிருக்கு. மாசம் 600 கி.மீ. ஓட்டினா ஏழு லிட்டர் கூடுதல், 700 ரூபாய்.

"பெரிய இன்ஜின்தான் வேணும்னா பெரிய வண்டியே வாங்கலாமே"ன்னு கேட்பீங்க. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதுக்கு மேலே 40. புது கிளாசிக் 350, 349 சிசியோட நிக்குது. கோட்டுக்கு அந்தப் பக்கம் போனா விலை எங்கேயோ போயிடும். அதனாலதான் பசங்க பட்டறைக்குப் போறாங்க. ஆசை எனக்குப் புரியுது. செகண்ட் ஹேண்ட்ல, ஆர்.சி.லயே 499னு இருக்கிற ஒரிஜினல் கிளாசிக் 500 தேடுங்க. பிரீமியம் கூட 1,438 ரூபாயும் ஜிஎஸ்டியும் ஆகும், அவ்வளவுதான்.

பழைய பேரலும் ஹெட்டும் அவன் வீட்டு மாடியில சாக்குல கட்டி இருக்கு. திரும்ப மாட்ட மெக்கானிக் 9,000 கேட்கிறார். கடைஞ்ச கிரான்க்கேஸுக்கு ஸ்லீவ் போடணுமாம். "சீசன் முடியட்டும்ணே"ங்கிறான். அதுவரைக்கும் சாவி என் மேஜை டிராயர்ல இருக்கு. அவன் இப்போதைக்கு என் ஸ்கூட்டர்லதான் ஆபீஸ் போறான்.