அவசர வேலை ஏன் சின்ன வேலைக்காகக் காத்து நிற்கிறது?

பண்பொழி வயல்சாலை. வைக்கோல் டிராக்டருக்குப் பின்னால் ஆம்புலன்ஸ், முந்த இடமில்லை. டிராக்டரோ எதிரே வரும் வண்டிகளுக்கு வழிவிட்டே நிற்கிறது. யாரை விரைவுபடுத்துவீர்கள்? டிராக்டரைத்தான்!

கணினிக்குள்ளும் இதே நெரிசல் வரும். 1997-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தின் கணினி திரும்பத் திரும்ப மறுதொடக்கம் ஆனது. வானிலைத் தரவு சேர்க்கும் சாதாரணப் பணி ஒரு பூட்டை (ஒரு நேரத்தில் ஒரு பணி மட்டுமே வைத்திருக்கக்கூடிய அனுமதி) பிடித்திருந்தது. மிக முக்கியமான பணி அதற்காகக் காத்திருந்தது. நடுத்தரப் பணிகளோ இடையில் புகுந்து, பூட்டு வைத்திருந்ததை ஓடவிடவில்லை.

பூமியிலிருந்த நகல் கணினியில் அதே நெரிசலை வரவழைத்தார்கள் நாசா பொறியாளர்கள். கடினமான வேலை அது. நேரம் கச்சிதமாகப் பொருந்தினால்தான் இந்தப் பிழை தலைகாட்டும். தீர்வு? காத்திருப்பவரின் முன்னுரிமையைப் பூட்டு வைத்திருப்பவருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது.

ஸ்விஃப்ட் நிரல்மொழியில் நீங்களே சோதிக்கலாம்: குறைந்த முன்னுரிமையில் ஒரு பணியைத் தொடங்கி, அவசரப் பணியொன்றை அதற்காகக் காக்கவையுங்கள். முதலாவதன் முன்னுரிமை உயர்கிறதா?