பானையைப் போல ஒரு பிளேடு

2024 அக்டோபர் 6. மெரினாவில் விமானப்படை சாகசம். மயிலாப்பூரில் எங்கள் மொட்டைமாடியிலேயே பாதித் தெரு கூடிவிட்டது. சாரங் குழுவின் துருவ் ஹெலிகாப்டர்கள் வந்ததும் பக்கத்து வீட்டுப் பையன் கேட்டான்: "மாமா, மேல சுத்தற காத்தாடி ஒடஞ்சா என்ன ஆகும்?"

ஹெலிகாப்டருக்கு அந்தக் காத்தாடிதான் இறக்கை. துருவுக்கு நான்கு பிளேடுகள். முனைக்கு முனை 13.2 மீட்டர். நிமிடத்துக்கு 300 சுற்றுக்கு மேல். முன்னால் பறக்கும்போது ஒவ்வொரு பிளேடும் ஒரு பக்கம் எதிர்காற்றில் பாய்கிறது, மறுபக்கம் பின்வாங்குகிறது. அதனால் சுற்றுக்கு ஒருமுறை எழும்பித் தாழ்கிறது. ஒரு மணி நேரத்தில் 18,000 தடவைக்கு மேல்! கம்பியை மடக்கி மடக்கி ஒடிக்காத பிள்ளை உண்டா? உலோக பிளேடுக்கும் அதே ஆபத்துதான். பார்வைக்குப் புதிதாக இருந்தாலும், குறித்த மணிக்கணக்கு முடிந்தால் கழற்றிவிடுவார்கள்.

வெள்ள நிவாரணத்துக்கு வரும் எம்ஐ-17 ஹெலிகாப்டரின் பிளேடில் ஒரு கெட்டிக்காரத்தனம். உள்ளே ஓடும் உலோகக் குழாயில் காற்றை அடைத்திருப்பார்கள். விரிசல் விட்டால் காற்று கசியும். பிளேடின் அடியில் சிவப்புக் குமிழ் எட்டிப்பார்க்கும்.

துருவின் பிளேடு இழையும் பிசினும் அடுக்கிச் செய்தது. இங்கே பயம் அடுக்குகள் உள்ளுக்குள் பிரிவது. வெளியே கீறல்கூட இருக்காது. மெக்கானிக் ஒரு நாணயத்தாலோ சின்னச் சுத்தியலாலோ அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவார். கணீர் என்றால் சரி. ஓரிடத்தில் 'பொத்' என்றால் சாக்பீஸால் வட்டம் போட்டுவிட்டு, கருவி வைத்துப் பார்ப்பார்கள். குளக்கரையில் தட்டிப் பார்த்துப் பானை வாங்கும் பாட்டிக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை.

2005 நவம்பரில் ஒரு துருவ் விழுந்தபோது குறை வாலில் சுற்றும் சின்னக் காத்தாடியின் பிளேடில் இருந்தது; துருவ்கள் எல்லாம் தரையில் நின்றன.

2025 ஜனவரி 5, போர்பந்தரில் கடலோரக் காவல்படையின் துருவ் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். இம்முறை சந்தேகம் மேல் காத்தாடியின் பிளேடுக்குக் கீழே, விமானியின் கட்டளையை அதற்குக் கொண்டுபோகும் சுவாஷ் தட்டின் மேல். நாணயம் எட்டாத இடம். மறுபடி எல்லாம் தரையில் நின்றன. பிப்ரவரியில் பெங்களூரு விமானக் கண்காட்சிக்குச் சாரங் வரவே இல்லை.