ஒட்டுத் தகட்டுக்குப் பின்னால்

நல்ல இரும்பைச் சுத்தியலால் தட்டினால் ‘டங்’ என்று கணீரென ஒலிக்கும். துரு தின்ற இரும்பு ‘டொக்’ என்று அடங்கிப்போகும். சிங்கப்பூரின் காக்கி புக்கிட், சின் மிங் பட்டறைகளில் லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, அடிச்சட்டமான சேஸிஸைத் தட்டிப் பார்ப்பவருக்கு அந்த ஒலியே போதும். பல நேரம் அந்த ‘டொக்’ வருவது பழைய இரும்பின் நடுவிலிருந்து அல்ல. அதைப் பலப்படுத்த எப்போதோ பற்றவைத்த ஒட்டுத் தகட்டின் ஓரத்திலிருந்துதான்.

இங்கே சரக்கு லாரிக்குச் சட்டப்படி 20 ஆண்டு ஆயுள். வாகன உரிமைச் சான்றிதழ் (சிஓஇ) விலையை நினைத்தால் அந்த 20 ஆண்டையும் முழுதாக ஓட்டிவிடத்தான் எந்த முதலாளியும் பார்ப்பார். இடையில் முதுகில் கிரேன் ஏறும், பின்புறம் டெயில்கேட் ஏறும். வேலையாட்களை ஏற்றிச்செல்லும் லாரிகளுக்குக் கம்பித் தடுப்பும் கூரையும் உண்டு. 2023 ஜனவரியிலிருந்து மழைத்திரையும் கட்டாயம். இத்தனை பாரமும் கடைசியில் இறங்குவது சேஸிஸ் மேல். அதனால்தான் தகடு வைத்துப் பலப்படுத்தும் தேவை வருகிறது.

ஆனால் எல்லா சேஸிஸிலும் வெல்டிங் அடித்துவிடக் கூடாது. கனரக லாரிகள் பலவற்றின் அடிச்சட்டம் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. அதில் மறுபடி சூடு பட்டால் பலம் குறையும். அங்கே போல்ட் மட்டும்தான் என்று தயாரிப்பாளரின் கையேடே சொல்லும். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் விதிகளையும் பார்த்தாக வேண்டும். இந்த இரண்டையும் தாண்டிய பிறகுதான் துருவின் கதை.

சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சராசரியாக 2,113 மில்லிமீட்டர் மழை, 171 மழை நாட்கள். காற்றின் ஈரப்பதம் சராசரி 80 சதவிகிதத்துக்கு மேல். ஈரப்பதம் 60 சதவிகிதத்தைத் தாண்டினாலே இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். போதாததற்குக் கடற்காற்றின் உப்பு. இவ்வளவுக்கும் நடுவே சேஸிஸ் தாக்குப்பிடிப்பது அதன் மேலுள்ள பூச்சினால். வெல்டிங் முதலில் அழிப்பது அந்தப் பூச்சைத்தான்.

எஃகு உருக ஏறக்குறைய 1,500 டிகிரி செல்சியஸ் வேண்டும். பூச்சாகக் காவலுக்கு நிற்கும் துத்தநாகமோ 419 டிகிரியில் உருகி, 907 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். பற்றவைக்கும்போது எழும் வெள்ளைப் புகை அதுதான். அதைச் சுவாசித்தவருக்கு அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரலாம். ஆகவே வெல்டிங் தையல் விழும் இடத்தில் துத்தநாகத்தை முன்பே தேய்த்து எடுத்துவிடுவது உடம்புக்கும் நல்லது, வெல்டுக்கும் நல்லது. இல்லாவிட்டால் தையலுக்குள் காற்றுக்குமிழ் தங்கும்.

வெளிப்பக்கத்தில் கருகியது கண்ணுக்குத் தெரியும், பெயிண்ட் அடித்துவிடலாம். பெட்டிபோல் மூடிய சட்டமாக இருந்தால், அதே சூட்டில் உள்பக்கப் பூச்சும் கருகி உதிர்ந்திருக்கும். அங்கே கை போகாது, தூரிகை போகாது. தண்ணீர் மட்டும் போகும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம், இரண்டு தகடுகளுக்கும் நடுவே விடுபடும் மயிரிழை இடைவெளி. கேம்பிரிட்ஜில் யு. ஆர். எவன்ஸ் 1920களில் செய்த எளிய சோதனை ஒன்று இதை விளக்குகிறது. இரும்பின் மேல் ஒரு துளி உப்புநீர் விட்டார். காற்று தாராளமாகக் கிடைக்கும் துளியின் விளிம்பு தப்பித்தது; ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதிதான் கரைந்தது. காற்று புகாத இடம் பத்திரம் என்று நாம் நினைப்போம். ஈரம் புகுந்துவிட்டால் நடப்பது நேர்மாறு. தகட்டுக்குப் பின்னால் ஊறும் துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். தகட்டையே வெளியே தள்ளி உப்பவைக்கும்.

துரு எவ்வளவு செலவு வைக்கும் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் சேஸிஸ் துருப்பிடித்த வழக்கில், சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர் வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு டொயோட்டா 2016இல் ஒப்புக்கொண்டது. அங்கே துருவுக்குக் காரணம் ஒட்டுத் தகடு அல்ல.

துருவுக்கான வைத்தியம் சிங்கப்பூர்த் தமிழர்களுக்குப் புதிதல்ல. துவாஸிலும் செம்பவாங்கிலும் கப்பல் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கம் அது. கப்பலில் கடல்நீர் நிரப்பும் பாலஸ்ட் டாங்குகளுக்கு அனைத்துலகக் கடல்சார் அமைப்பு 2006இல் ஒரு தரவிதி கொண்டுவந்தது. பூச்சு 15 ஆண்டு நிற்க வேண்டும் என்பது அதன் இலக்கு. கூரான விளிம்புகளை 2 மில்லிமீட்டர் ஆரத்துக்கு மழுக்க வேண்டும், ஏனென்றால் கூர்முனையில் பெயிண்ட் நிற்காமல் வழிந்து மெலிந்துபோகும். விளிம்புக்கும் வெல்டுக்கும் தனியாகத் தூரிகையால் ‘ஸ்ட்ரைப் கோட்’ இழுக்க வேண்டும். ஈரப்பதம் 85 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் பூசவே கூடாது. சிங்கப்பூரில் விடிகாலையில் அது 90ஐத் தாண்டி நிற்பது வழக்கம். அவசரப்பட்டு காலையிலேயே அடித்த பெயிண்டுக்கு அடியில் ஈரமும் சேர்ந்து அடைபடும்.

லாரிக்கும் இதே ஒழுங்குதான். ஒட்டுத் தகட்டை முதலிலேயே சரியான வடிவத்தில் வெட்ட வேண்டும். சட்டத்துக்குக் குறுக்கே நேர்கோடாகத் தையல் போட்டால் அதே கோட்டில் விரிசல் விடும் என்பதால், முனைகள் சாய்வாக, மீன்வால்போல் இருப்பது நல்லது. ஒன்றோடொன்று உரசும் முகங்களுக்கு, தையல் விழும் கோட்டைத் தவிர்த்து, பற்றவைக்கும் முன்பே மெல்லிய துத்தநாகப் பிரைமர். வெல்ட் ஆறியதும் கசடைத் தட்டி, தெறித்த முத்துகளைச் சுரண்டி, புகைக்கரியை ஒயர் பிரஷால் தேய்த்து எடுக்க வேண்டும். கசடின் மேல் அடித்த பெயிண்ட் கசடோடு சேர்ந்தே உதிரும். பிறகு எபாக்ஸி பிரைமர், மேல்பூச்சு. தையல் ஓடாத ஓரங்களில் சீலன்ட்.

கடைசியாக, மூடிய சட்டத்துக்குள் மெழுகு. சட்டத்தில் முன்பே இருக்கும் துளை வழியாக நீண்ட குழாயை உள்ளே விட்டு, முன்னும் பின்னும் இழுத்தபடி பீய்ச்ச வேண்டும். வெல்டிங்குக்கு முன்னால் அடித்தால் தீப்பிடிக்கும். சூடு முழுதும் இறங்கிய பிறகுதான். மறுநாள் காலை லாரிக்கு அடியில், வடிகால் துளைகளுக்கு நேர் கீழே, தேன் நிறத்தில் சில சொட்டுகள் தரையில் கிடந்தால் மெழுகு மூலைவரை போயிருக்கிறது, துளையும் அடைபடவில்லை. ஒரு துளைக்குக் கீழே மட்டும் தரை காய்ந்து கிடந்தால், கம்பியை எடுத்துக்கொண்டு மறுபடி அடியில் படுக்க வேண்டியதுதான்.