காற்றுக்கு மறைவாய் ஒரு துறை

அரக்கோணத்தில் கடல் இல்லை. சென்னையிலிருந்து தொடர்வண்டியில் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில், நிலத்தின் உள்ளே அமைந்த சந்திப்பு நகரம் அது. ஆயினும், இந்தியக் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி என்னும் வான்தளம் 1992ஆம் ஆண்டுமுதல் இவ்வூரில் இயங்கிவருகிறது. இங்கிருந்து புறப்படும் பி-8ஐ விமானங்கள் இந்தியப் பெருங்கடலின்மேல் நெடுந்தொலைவு பறந்து கண்காணிக்கின்றன. இடருற்ற கலங்களைத் தேடும் பணியிலும் ஈடுபடுகின்றன. வானிலிருந்து உதவி வரும் காலம் இது. எனினும், கடலோடியின் முதற்காவல் வேறோர் அறிவில் அடங்கியுள்ளது. கலத்தை எங்கே, எக்காற்றுக்கு மறைவாக நிறுத்துவது என்பதே அந்த அறிவு.

மறைவு என்பது யாது?

பாய்மரக் கலத்தில் செல்வோர் இரவில் உறங்கவும், நன்னீர் நிரப்பவும், பழுது பார்க்கவும் கரையோரம் நங்கூரமிட வேண்டியுள்ளது. அலையை எழுப்புவது காற்று. அது தடையின்றி நீர்ப்பரப்பின்மேல் ஓடும் தூரம் மிகுந்தால் அலையின் உயரமும் மிகும். காற்று வரும் திசையில் நிலம் இருந்தால், அந்நிலத்தை ஒட்டிய நீரில் அலை எழ இடமில்லை. இதுவே மறைவு. மாறாக, காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசினால் கலத்தின் பின்னால் கரை இருக்கும். நங்கூரம் பெயர்ந்தால் கலம் அக்கரையிலேயே மோதும். ஆகவே, 'நல்ல இடம்' என்று எதையும் பொதுவாகச் சொல்ல இயலாது. எந்தக் காற்றுக்கு நல்ல இடம் என்றே கேட்க வேண்டும்.

ஒரு தீவு, இரு கரைகள்

இவ்வுண்மையைப் பாம்பன், மண்டபம் பகுதிகளில் தெளிவாகக் காணலாம். இங்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் உள்ளன. மீனவர் இவற்றை வடகடல், தென்கடல் என்பர். வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கும். தென்கரை நிலத்தின் மறைவில் அடங்கியிருக்கும். தென்மேற்குப் பருவக்காற்றின்போது இந்நிலை தலைகீழாகும். எனவே, மீனவர் பருவம் மாறுவதற்கேற்பப் படகுகளை ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மாற்றிக்கொள்கின்றனர். முந்திய பருவத்தில் காத்த கரையே அடுத்த பருவத்தில் படகை உடைக்கும் கரையாகும். காற்று மாறிய பின்பு இடம் தேடுவோருக்குக் காலம் கிடைப்பதில்லை.

மறைவற்ற கரையின் படிப்பினை

சோழமண்டலக் கரையின் பெரும்பகுதி நேராகவும் திறந்தும் கிடப்பது. துறைமுகம் கட்டப்படுவதற்கு முன்பு, சென்னைக்கு வந்த கப்பல்கள் கரைக்கு அப்பால் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டன. மக்களும் பொருள்களும் மசூலா படகுகளில் அலைகளைக் கடந்து கரைசேர வேண்டியிருந்தது. 1746ஆம் ஆண்டு செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனேயின் கப்பல்கள், அடுத்த மாதமே அங்கு வீசிய புயலில் சிக்கிப் பேரழிவுற்றன. போரில் வென்ற படை, மறைவில்லாத கடலில் தோற்றது. பின்னர், 1870களில் சென்னையில் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. 1881ஆம் ஆண்டு நவம்பரில் வீசிய புயல் அவற்றையும் சிதைத்தது. மீண்டும் முயன்றே துறைமுகம் உருவாயிற்று. இலங்கையின் திருக்கோணமலையோ, நிலத்தால் சூழப்பட்ட ஆழமான இயற்கைத் துறைமுகம். கீழைக்கடலில் உலவிய போர்க்கப்பல்கள் அதனை நாடியதற்கு அதுவே காரணம்.

நங்கூரம் பற்றும் நிலம்

காற்றுக்கு மறைவு கிடைத்தாலும் தேர்வு முடிவதில்லை. கடலடியையும் அறிதல் வேண்டும். மணலும் களிமண்ணும் நங்கூரத்தை இறுகப் பற்றும். வழுவழுப்பான பாறையில் அது வழுக்கும். இடுக்கில் சிக்கினால் மீட்பது அரிது. அடர்ந்த கடற்புல்லில் அது மண்ணைத் தொடாமலே இழுபடும். பவளப்பாறையில் கயிறு அறுபடுவதோடு, பல்லாண்டுகளாக வளர்ந்த உயிர்த்தொகுதியும் அழியும்.

நங்கூரத்தின் வலிமை அதன் எடையில் மட்டும் இல்லை. சங்கிலி நீளமாக விடப்பட்டால் அது தரையோடு படிந்து, நங்கூரத்தைக் கிடைமட்டமாக இழுக்கும். அதனால் நங்கூரம் மேலும் புதையும். குறுகிய சங்கிலியோ அதனை மேல்நோக்கித் தூக்கிப் பெயர்த்துவிடும். பொதுவாக ஆழத்தைப்போல் ஐந்து மடங்கும், கடுங்காற்றில் ஏழு மடங்கும் அதற்கு மேலும் விடுவர். நிற்கும் கலம் காற்றுக்கேற்ப நங்கூரத்தைச் சுற்றித் திரும்புமாதலால், அவ்வட்டத்துள் பாறையோ பிற கலமோ இல்லாதிருத்தல் வேண்டும்.

புயற்காலத்தில் மேலும் ஒரு விழிப்பு தேவை. நம் பகுதியில் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்கிறது. புயலின் கண் கடந்து செல்லும்போது சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் எதிர்த்திசையிலிருந்து காற்று சீறும். அதுவரை காத்த மறைவு அந்நொடியில் இல்லாமற்போகும். ஆகவே, அறிந்த கடலோடி வீசும் காற்றை மட்டும் நோக்கி இடம் தேர்வதில்லை. அடுத்து வீசவிருக்கும் காற்றையும் எண்ணியே தேர்கிறார்.

மறைவே இல்லாத கடலில்

2018ஆம் ஆண்டு, எங்கும் நிற்காமல் தனியே உலகைச் சுற்றும் பாய்மரப் படகுப் போட்டியில் இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமி பங்கேற்றார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு ஏறத்தாழ 1900 கடல்மைல் மேற்கே, தென்னிந்தியப் பெருங்கடலில் அவரது 'துரியா' புயலில் சிக்கிப் பாய்மரம் முறிந்தது. முதுகில் கடுங்காயமுற்ற அவரால் அசையவும் இயலவில்லை. ஒதுங்குவதற்கு அருகில் நிலமே இல்லாத கடல் அது. அரக்கோணத்தைத் தளமாகக் கொண்ட பி-8ஐ வகை விமானம் மொரீஷியசிலிருந்து பறந்து சென்று அவரது படகைக் கண்டறிந்தது. பிரான்சு நாட்டின் 'ஒசிரிஸ்' கப்பல் அவரை மீட்டது.

நிலத்தின் உள்ளே இருக்கும் அரக்கோணத்துக்கும் ஆழ்கடலுக்கும் உள்ள உறவை இந்நிகழ்வு காட்டுகிறது. மறைவு இல்லாத இடத்தில் மனிதரை மனிதர்தாம் காக்க வேண்டும். மறைவு உள்ள இடத்திலோ, காற்றையும் கரையையும் கடலடியையும் முன்கூட்டியே படித்தறிந்த அறிவு காக்கும். கடல் அமைதியாக இருக்கும்போதே அவ்வறிவைப் பெற்றுவிட வேண்டும்.