எது உண்மையான பிட்காயின்?

சென்ற மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறார். 2016-இல் சிறிதளவு பிட்காயின் வாங்கித் தன் மடிக்கணினியிலேயே வைத்திருந்தவர், பின்னாளில் மகளின் மேற்படிப்புக்கென்று ஒதுக்கிய சேமிப்பில் பெரும்பகுதியையும் அதிலேயே போட்டிருக்கிறார். "சார், 2.1 கோடிக்கு மேல் ஒரு பிட்காயின்கூட உருவாகாது. எந்த அரசும் எந்த மனிதரும் இதில் கைவைக்க முடியாது. எல்லாம் கணித விதி" என்றார். "எந்தப் பிட்காயினைச் சொல்கிறாய்?" என்று கேட்டேன். அவர் முகம் சற்று மாறிவிட்டது.

வம்புக்காகக் கேட்ட கேள்வி அல்ல. 2015 முதல் 2017 வரை பிட்காயின் உலகம் இந்தக் கேள்வியை வைத்துத்தான் இரண்டாகப் பிளந்து சண்டையிட்டது.

சடோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் 2008 அக்டோபரில் வெளியான அறிக்கை, பிட்காயினை மின்னணு ரொக்கம் என்றே அறிமுகப்படுத்தியது. பரிவர்த்தனைகள் ஒரு பொதுப் பேரேட்டில் பதியப்படுகின்றன. சுமார் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம் என்ற கணக்கில் அந்தப் பேரேடு நீள்கிறது. ஒரு பக்கத்தின் அளவு ஒரு மெகாபைட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பை 2010-இல் நாகமோட்டோவே சேர்த்தார். பயனர்கள் பெருகியபோது அந்த வரம்பு கழுத்தை நெரித்தது. நொடிக்கு ஏறத்தாழ 7 பரிவர்த்தனைகளே அதிகபட்சம். பேரேட்டில் இடம்பிடிக்கக் கட்டண ஏலம் தொடங்கியது. 2017 டிசம்பரில் உச்ச நெரிசலின்போது ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியது. தேநீர் வாங்குவதற்கான பணமாக அது இனி இருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பக்கத்தைப் பெரிதாக்கிவிடலாம் என்றது ஒரு தரப்பு. நாகமோட்டோவுக்குப் பின் மென்பொருளைப் பராமரித்த கேவின் ஆண்ட்ரிசன், மைக் ஹெர்ன் ஆகியோர் 2015 ஆகஸ்டில் அதற்கான மாற்று மென்பொருளை வெளியிட்டனர். பக்கம் பெரிதானால் பேரேட்டைச் சேமித்துச் சரிபார்க்கப் பெரிய கணினிகள் வேண்டும். சாதாரணப் பயனர் வெளியேறுவார். கடைசியில் சில பெருநிறுவனங்களே பேரேட்டை வைத்திருக்கும், பிறகு வங்கிக்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று கேட்டது எதிர்த்தரப்பு. இருபுறமும் வாதத்தில் வலு இருந்தது. ஆனால் விவாதம் வாதமாக நீடிக்கவில்லை. துரோகி, கைக்கூலி என்ற சொற்கள் பறந்தன. ஹெர்ன் 2016 ஜனவரியில் இந்தச் சோதனை தோற்றுவிட்டதாக அறிவித்து, தன் நாணயங்களையெல்லாம் விற்றுவிட்டு வெளியேறினார்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது மெகாபைட் சண்டை. பணவியல் கற்பித்தவனுக்கு வேறாகத் தெரிகிறது. பணம் பரிமாற்றத்துக்கான ஊடகம், மதிப்பைச் சேமிக்கும் கலம் என்று முதலாண்டு மாணவருக்கே சொல்லித்தருகிறோம். ஒரு தரப்புக்கு ரொக்கம் வேண்டியிருந்தது, மறு தரப்புக்குத் தங்கம் வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே பொருளில் பெறலாம் என்று நம்பி இரு தரப்பினரும் உள்ளே வந்திருந்தார்கள்.

2017 ஆகஸ்ட் 1 அன்று பேரேடு பிரிந்தது. 8 மெகாபைட் வரம்புடன் பிட்காயின் கேஷ் பிறந்தது. அதுவரையிலான வரலாறு இரண்டுக்கும் பொது. ஆகவே, அன்று பிட்காயின் வைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அதே எண்ணிக்கையில் புதிய நாணயமும் சொந்தமானது. இரண்டிலும் உச்சவரம்பு 2.1 கோடிதான். ரோஜர் வேர் போன்ற ஆதரவாளர்கள் நாகமோட்டோவின் அறிக்கையைக் காட்டி, இதுவே உண்மையான பிட்காயின் என்றனர். அடுத்த ஆண்டு நவம்பரில் பிட்காயின் கேஷே இரண்டாக உடைந்து, கிரேக் ரைட் அணியின் பிட்காயின் எஸ்வி தோன்றியது. தானே நாகமோட்டோ என்று அவர் சொல்லிவந்தார். அவர் நாகமோட்டோ அல்லர் என்று 2024 மார்ச்சில் லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்போது என் மாணவரின் 2.1 கோடிக்கு வருவோம். ஒரு பேரேட்டுக்குள் அந்த வரம்பு உண்மை. ஆனால், பேரேட்டையே படியெடுக்க எவருக்கும் அனுமதி தேவையில்லை, மென்பொருள் பொதுவுடைமை. படியெடுக்க முடியாதது மக்களின் ஏற்பு ஒன்றுதான். பிட்காயின் கேஷுக்கு இன்று பிட்காயின் விலையில் மிகச் சிறிய பங்கே கிடைக்கிறதென்றால், அதன் கணிதம் மட்டமானது என்பதல்ல காரணம். பெரும்பாலோர் மற்றதைப் பிட்காயின் என்று அழைக்கச் சம்மதித்தார்கள். உச்சவரம்பை நாளையே உயர்த்திவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. வைத்திருப்பவர்கள் தம் வயிற்றில் தாமே அடித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால், அந்தக் காவல் மனிதர்களின் நலனிலிருந்து வருகிறது. அதைக் கணித விதி என்று அழைப்பது பிழை.

மனிதர் கைவைக்க முடியாது என்ற நம்பிக்கைக்கு இன்னும் கடுமையான சோதனை எத்தீரியத்தில் நேர்ந்தது. 2016-இல் 'தி டாவோ' என்ற முதலீட்டுத் திட்டம் அதன்மேல் நிறுவப்பட்டது. மேலாளர் இல்லை, நிரலே சட்டம் என்று பெருமையாகச் சொன்னார்கள். அந்த நிரலில் ஓர் ஓட்டை: காசாளர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு கணக்கில் கழிப்பதுபோல, கழிப்பதற்குள் திரும்பத் திரும்பக் கேட்டால் திரும்பத் திரும்பக் கொடுத்தது. ஜூன் 17 அன்று ஒருவர் அப்படியே கேட்டு 36 லட்சம் ஈதரை, அன்றைய மதிப்பில் சுமார் 5 கோடி டாலரை, எடுத்துவிட்டார். நிரலே சட்டமென்றால் அவர் சட்டப்படிதான் எடுத்திருக்கிறார். ஆயினும் ஜூலை 20 அன்று பெரும்பான்மையினர் விதியை மாற்றிப் பணத்தை மீட்டனர். முன்னதாக நடந்த வாக்கெடுப்பில் பங்கேற்றவர்கள் மிகச் சிலரே.

எனக்கு இதில் வியப்பில்லை. இங்கிலாந்தில் 1844-இல் வங்கிச் சட்டம் இயற்றப்பட்டபோது, நோட்டு வெளியீட்டைத் தங்கத்தோடு இறுகக் கட்டிவிட்டால் மனிதத் தலையீடே வேண்டாம் என்றுதான் கருதினார்கள். 1847, 1857, 1866 ஆகிய மூன்று நெருக்கடிகளிலும் அந்த விதியை அரசு தளர்த்த வேண்டியிருந்தது. விதியைக் காப்பாற்றுவதா, மூழ்குகிறவரைக் காப்பாற்றுவதா என்ற கேள்வி பணம் இருக்கும் இடமெல்லாம் வரும்.

மாற்றத்தை ஏற்காதவர்கள் பழைய பேரேட்டையே தொடர்ந்தனர். அது எத்தீரியம் கிளாசிக். அவர்களுடைய கொள்கை உறுதியை நான் மதிக்கிறேன். ஆனால், பேரேட்டைக் காக்கும் கணினிகளில் பெரும்பாலானவை மறுபக்கம் போய்விட்டன. 2019 ஜனவரியிலும், 2020 ஆகஸ்டில் அடுத்தடுத்தும், வாடகைக்குக்கூடக் கிடைக்கும் கணினித் திறனைக் குவித்தவர்கள் அந்தப் பேரேட்டின் அண்மைப் பக்கங்களைத் திருத்தி எழுதினார்கள். எழுதியதை அழிக்கக் கூடாது என்று பிரிந்துபோனவர்களின் ஏட்டுக்கே இந்தக் கதி.

கெயின்சா ஃப்ரீட்மனா என்று நாங்கள் கல்லூரி ஓய்வறையில் கத்தியிருக்கிறோம். தோற்றவர் தன் தேநீருக்குத் தானே காசு கொடுப்பார், அவ்வளவுதான். கிரிப்டோ சண்டையில் பேசுகிற ஒவ்வொருவரும் தான் ஆதரிக்கும் நாணயத்தைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறார். புதிதாக ஒருவர் நம்பினால் அவர் சொத்தின் விலை உயரும்; ஒருவர் ஐயப்பட்டால் குறையும். இத்தகையோரிடமிருந்து தொழில்நுட்ப மதிப்பீட்டை எதிர்பார்ப்பது, மனை விற்பவரிடம் நிலத்தடி நீரைப் பற்றிக் கேட்பது போன்றது.

நம்மவரிடையே வேறொரு தவறான எண்ணமும் உண்டு. 2018-இல் ரிசர்வ் வங்கி விதித்த தடையை உச்ச நீதிமன்றம் 2020 மார்ச்சில் நீக்கியது. 2022 ஏப்ரல் முதல் ஆதாயத்துக்கு 30 சதவீத வரி வந்தது. ஆகவே அரசே அங்கீகரித்துவிட்டது என்கிறார்கள். வரி விதிப்பது சட்டபூர்வப் பணமாக ஏற்பதாகாது. மேலும், ஒரு நாணயத்தில் வந்த நட்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் வருமான வரிச் சட்டம் இடமளிக்கவில்லை. அணிக்கு அணி தாவிக்கொண்டிருப்பவர்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

இவ்வளவையும் மாணவரிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. 2017 பிரிவைப் பற்றிச் சொன்னபோதுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரிவு நடந்தபோது அவருடைய நாணயங்கள் அவர் வசமே இருந்தன. அப்படியானால் அதே அளவு பிட்காயின் கேஷும் அவருடையதுதான். எட்டு ஆண்டுகளுக்கு மேலாக அவருக்கு அது தெரியவில்லை. கடந்த வாரம் தொலைபேசியில் பேசினார். மகளுக்கான தொகையில் பாதியை வைப்புநிதிக்கு மாற்றிவிட்டாராம். பழைய மடிக்கணினியை மைத்துனர் வீட்டுப் பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.