நாடு விட்டு நாடு செல்லும் பாடசாலை

பாடசாலை என்றதும் எமது மனக்கண்ணில் தோன்றுவது மதிற்சுவரும் மணியோசையும் கரும்பலகையுமே ஆகும். பாடசாலை ஓரிடத்தில் நிலைத்திருக்கும். மாணவர் அதனை நாடிச் செல்வர். இதுவே நாம் அறிந்த வழக்கம். இதற்கு மாறாக, மாணவரையும் ஆசிரியரையும் அழைத்துக்கொண்டு பாடசாலையே நாடு விட்டு நாடு செல்லுமாயின், அங்கு கற்றல் எவ்வாறு நிகழும்? அத்தகைய முயற்சியொன்றைப் பற்றி இங்கு நோக்குவது பயனுடையதாகும்.

'திங்க் குளோபல் ஸ்கூல்' என்ற உயர்தரப் பாடசாலை 2010ஆம் ஆண்டில் 15 மாணவர்களுடன் சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரில் தொடங்கப்பட்டது. இதனை நிறுவியவர் ஜோஆன் மெக்பைக் என்ற பெண்மணி ஆவார். முதலாவது கல்வியாண்டிலேயே அம்மாணவர்கள் ஸ்டொக்ஹோமிலிருந்து அவுஸ்திரேலியாவின் சிட்னிக்கும், அங்கிருந்து சீனாவின் பீஜிங்கிற்கும் சென்று கற்றனர். தொடக்கத்தில் தவணைக்கொரு நாடாக ஆண்டுக்கு மூன்று நாடுகள் என்றிருந்த ஒழுங்கு, 2017இல் மாற்றியமைக்கப்பட்டது. ஆண்டுக்கு நான்கு நாடுகள், மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ பத்து நாடுகள் என்பது அப்புதிய திட்டமாகும். ஜப்பான், இந்தியா, போட்ஸ்வானா, ஸ்பெயின், கிரேக்கம் ஆகியன மாணவர்கள் தங்கிக் கற்ற நாடுகளுட் சில.

இத்தகைய பாடசாலைக்குச் சொந்தமான பெருங்கட்டடம் தேவையில்லை. சென்ற இடத்திலுள்ள விடுதிகளும் உள்ளூர்க் கல்வி நிலையங்களுமே தங்குமிடமாகவும் வகுப்பறையாகவும் அமைகின்றன. ஆசிரியர்களும் மாணவர்களுடனேயே பயணம் செய்கின்றனர். வெவ்வேறு நாட்டையும் சமயத்தையும் மொழியையும் சேர்ந்த இளைஞர்கள் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஒருவர் உண்பதை மற்றவர் உண்ணாதிருக்கலாம். ஒருவர் வழிபடும் நேரத்தில் மற்றவர் உறங்கிக்கொண்டிருக்கலாம். பெற்றோர் அருகில் இல்லாத நிலையில், இத்தகைய சிறு முரண்பாடுகளைத் தாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நிலைக்கு அவர்கள் ஆளாகின்றனர். எந்தப் பாடநூலிலும் இல்லாத பாடம் இதுவாகும்.

கற்பித்தல் முறையும் வேறுபட்டதே. 2017இல் அறிமுகப்படுத்தப்பட்ட திட்டத்தில், பாட வாரியாகக் கற்றுப் பரீட்சை எழுதுவதற்குப் பதிலாக, சென்ற நாட்டோடு தொடர்புடைய ஒரு பிரச்சினையை மையமாகக்கொண்டு ஆராயும் செயற்றிட்ட முறை முதன்மை பெற்றது. உதாரணமாக, ஹிரோஷிமா நகரில் தங்கும் மாணவன் 1945 ஓகஸ்ட் 6ஆம் திகதி அங்கு வீசப்பட்ட அணுகுண்டைப் பற்றி ஆராய்கிறான் எனக் கொள்வோம். அணுப்பிளவை விளங்கிக்கொள்ள அவனுக்குப் பௌதிகம் வேண்டும். கதிர்வீச்சின் விளைவை அறிய உயிரியல் வேண்டும். போரின் காரணங்களை அறிய வரலாறு வேண்டும். நூதனசாலையில் தான் கண்டதைப் பிறருக்கு எடுத்துரைக்க மொழித்திறன் வேண்டும். தனித்தனிப் பாடங்களாக நாம் பிரித்து வைத்திருப்பவை அங்கு ஒரே கேள்வியின் கீழ் ஒன்றுசேர்கின்றன.

எனினும், பயணம் செய்வதனால் மட்டுமே ஒருவர் கற்றவராகிவிடுவதில்லை. 1926ஆம் ஆண்டு செப்டெம்பரில் 'ரைண்டாம்' என்ற கப்பலில் ஏறத்தாழ 500 அமெரிக்க மாணவர்கள் 'மிதக்கும் பல்கலைக்கழகம்' என்ற பெயரில் உலகைச் சுற்றிப் புறப்பட்டனர். 1927 மே மாதம் வரை நீடித்த அப்பயணத்தில் பயனுள்ள கற்றல் இடம்பெற்ற போதிலும், மாணவர் சிலரின் மதுப்பழக்கமும் ஒழுங்கீனமும் பற்றிய செய்திகளே பத்திரிகைகளில் அதிகம் அடிபட்டன. துறைமுகங்களை எண்ணிக் கடப்பது வேறு, ஓர் ஊரின் மக்களிடம் கேட்டறிவது வேறு.

பயணத்தைக் கல்வியாகக் கொள்ளும் மரபு எமக்குப் புதியதன்று. அறிவு தேடிச் செல்லும் பயணத்தை இஸ்லாமிய மரபு 'ரிஹ்லா' எனப் போற்றியது. 1325இல் தமது 21ஆவது வயதில் மொரோக்கோவின் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, 1344இல் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். மன்னர் பாரசீக மொழியை விளங்கிக்கொண்டதாகவும், பிற நாடுகளைப் பற்றி ஆவலுடன் கேட்டறிந்ததாகவும் அவர் எழுதியுள்ளார். பாவாதமலைக்குச் செல்ல விரும்பிய அந்த முஸ்லிம் பயணிக்கு வழித்துணையாக மன்னர் அனுப்பிய குழுவில் நான்கு யோகிகளும் மூன்று பிராமணர்களும் இருந்தனர்.

பயணப் பாடசாலைகளுக்குக் குறைபாடுகளும் உண்டு. உதவித்தொகைகள் வழங்கப்பட்ட போதிலும், ஆண்டொன்றுக்குப் பல்லாயிரம் டொலர் செலவாகும் கல்வி சாதாரண குடும்பங்களுக்கு எட்டாக்கனியே. சில வாரங்களே தங்கும் ஓர் ஊரை முழுமையாக அறிந்துவிட முடியுமா என்ற கேள்வியும் நியாயமானது. 2020இல் கொரோனாத் தொற்றினால் நாடுகள் தமது எல்லைகளை மூடியபோது, பயணத்தை நம்பிய கல்வி எவ்வளவு எளிதில் தடைப்படக்கூடும் என்பதும் தெளிவாயிற்று.

ஆகவே, அப்பாடசாலையின் விமானப் பயணங்களை நாம் பின்பற்ற முடியாது, பின்பற்றவும் வேண்டியதில்லை. ஆனால் அதன் உள்ளீடான இரு அம்சங்களுக்குப் பெரும் பணம் தேவையில்லை. வேறுபட்டவர்களுடன் சேர்ந்து வாழ்ந்து கற்பது ஒன்று. கண்முன்னுள்ள பிரச்சினையைப் பாடமாக்குவது மற்றொன்று. எமது நாட்டில் ஒரே மொழியைப் பேசும் தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும்கூடப் பெரும்பாலும் வெவ்வேறு பாடசாலைகளிலேயே கற்கின்றனர். அடுத்தடுத்த கிராமங்களில் பிறந்து வளர்ந்தும், ஒருவர் வீட்டில் மற்றவர் உணவருந்தாமலேயே க.பொ.த. உயர்தரம் வரை கற்று முடிப்போர் பலர். இரு கிராமங்களுக்கும் பொதுவான குளத்து நீரைப் பற்றியோ கடலரிப்பைப் பற்றியோ இரு பாடசாலை மாணவர்களும் ஒரு தவணை சேர்ந்து ஆராய்ந்தால், அதற்கு ஒரு பஸ் கட்டணத்துக்கு மேல் அதிகம் செலவாகாது. பரீட்சைப் பெறுபேற்றையும் தனியார் வகுப்பையும் மட்டுமே கல்வியெனக் கருதும் பெற்றோரும் அதிபர்களும் இதற்குச் சிறிது நேரம் ஒதுக்க முன்வர வேண்டும். உலகைச் சுற்றிவரும் மாணவன் அறிந்துகொள்வதை, அயற்கிராமத்துக்குச் செல்லும் எமது பிள்ளையும் அறிந்துகொள்ளட்டும்.