ஓலைக்குத் திறக்கும் செவி

ஞாயிறு திருப்பலி முடியும் தறுவாயில் பங்குச் சாமியார் ஒரு தாளைக் கையில் எடுக்கிறார். கல்யாண ஓலை வாசிக்கப் போகிறார் என்று தெரிந்ததும் கோவிலில் ஓர் அமைதி பிறக்கிறது. சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையையும் தாய் தோளில் தட்டி அடக்கிவிடுகிறாள். யார் மகன், யார் மகள், எந்த ஊர், முதல் ஓலையா மூன்றாம் ஓலையா என்பதில் ஒரு சொல்லையேனும் நாம் தவறவிடுவதில்லை. தடை ஏதும் அறிந்தவர் அதைத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர் என்பதும் நமக்குத் தெரியும். ஒரு குடும்பத்தின் காரியம் ஊரறிய நடக்கவேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறை அது.

ஊரின் காரியமும் ஊரறிய நடக்கவேண்டுமென்று நாட்டின் சட்டமும் ஒரு முறையை வகுத்திருக்கிறது. அதற்குக் கிராம சபை என்று பெயர். அந்த ஓலை வாசிக்கப்படும் வேளையில் நம்மில் எத்தனை பேர் அங்கே இருக்கிறோம்?

2023ஆம் ஆண்டு அக்டோபர் 2 அன்று, தென் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்த கிராம சபைக்கு நாம் சென்றிருந்தோம். பள்ளிக்கூடத்து வேப்ப மரத்தடியில் சாமியானா கட்டி, நாற்காலிகள் போட்டிருந்தார்கள். மூவாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள் வாழும் ஊராட்சி அது. தமிழகத்தின் விதிப்படி, 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கும் மேற்பட்டால் 300 பேரும் வந்திருந்தால்தான் சபை கூடியதாகக் கொள்ளப்படும். நாம் எண்ணிப் பார்த்தபோது அறுபத்து மூன்று பேர் இருந்தனர். ஆனால் வருகைப் பதிவேடு மேசைமேல் இல்லை. அது தெருத்தெருவாகப் புறப்பட்டுச் சென்றிருந்தது! கூட்டம் முடிவதற்குள் இருநூறு கையெழுத்துகளைச் சுமந்துகொண்டு திரும்பியும் வந்துவிட்டது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்தபடியே கையெழுத்திட்டவர்களில், முந்திய நாள் அதே ஊர்க் கோவிலில் செவி சாய்த்து ஓலை கேட்டவர்களும் பலர் இருந்தனர். பதிவேட்டை எடுத்துச் சென்றவரைக் குறை கூறுவது எளிது. எதற்கென்று கேளாமல் கையெழுத்திட்டவரை என்ன சொல்வது?

ஊராட்சிச் செயலர் வரவு செலவுக் கணக்கை வாசித்தார். வாசித்தார் என்பதைவிட, ஓடினார் என்பதே பொருந்தும். வீட்டு வரி இவ்வளவு, அரசு மானியம் இவ்வளவு, தெருவிளக்குக்கு மின்கட்டணம் இவ்வளவு, குளோரின் பொடி வாங்கியது இவ்வளவு, குடிநீர் மோட்டார் பழுது நீக்கியது இருமுறை என்று இலக்கங்கள் விரைந்தன. பின்வரிசையில் ஓர் அம்மையார் எழுந்தார். கைம்பெண், பேரப்பிள்ளைகள் இருவரை வளர்ப்பவர். "ஐயா, மோட்டார் ஓடுதுங்க. தொட்டியும் நிறையுதுங்க. எங்க தெருவுக்குத்தான் வைகாசியிலேயிருந்து தண்ணி வரலை. மோட்டாருக்கு ரெண்டு தடவை செலவு எழுதியிருக்கீங்களே, எங்க தெரு வால்வை ஒரு தடவை வந்து பார்த்தீங்களா?" என்றார்.

சபையில் எவரும் பேசவில்லை. தலைவியாக வீற்றிருந்த பெண்மணி செயலரைப் பார்த்தார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் கணவர் முந்திக்கொண்டு பதில் சொல்ல வாயெடுத்தார். பற்றாளராக வந்திருந்த அலுவலர், "தலைவர் பேசட்டும்" என்றார். 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் தமிழகத்து உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்கு உரியதாயிற்று. ஆயினும் அருகில் போடப்படும் அந்த இரண்டாவது நாற்காலியை எந்தத் திருத்தம் அகற்றும் என்று நமக்குத் தோன்றியது.

அம்மையார் எழுப்பிய கேள்வியின் பொருளைச் சற்று விளக்க வேண்டும். 2019ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், சிற்றூர்களில் வாழும் ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் 55 லிட்டர் நீர் வீட்டுக் குழாயிலேயே கிடைக்கவேண்டும் என்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. ஒருவருக்கு ஏறக்குறைய நான்கு குடம். மூவர் உள்ள அந்த வீட்டுக்குப் பன்னிரண்டு குடம். குழாய் பதித்துவிட்டதனால் மட்டும் நீர் வந்துவிடாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து இறங்கும் நீர் முதலில் அருகிலுள்ள தெருக்களை அடைகிறது. அங்கே வசதியுள்ளவர்கள் சிலர் குடிநீர்க் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிவிடுகிறார்கள். கடைசித் தெருவுக்கு எஞ்சுவது காற்றுதான். இதைத் தடுப்பதற்கே ஒவ்வொரு பகுதிக்கும் வால்வு வைத்து, முறை வைத்துத் திறந்துவிடுகிறார்கள். அந்த வால்வைத் திருகும் சாவி டேங்க் ஆபரேட்டர் கையில் இருக்கிறது. அவர் எந்தத் தெருக்காரர், யாருடைய சொல்லுக்குக் கட்டுப்பட்டவர் என்பதைப் பொறுத்து ஊரின் தாகம் தீர்வதும் தீராததும் அமைந்துவிடுகிறது.

பணம் இல்லை என்றும் எளிதில் கூறிவிட முடியாது. 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்குப் பதினைந்தாவது நிதி ஆணையம் உள்ளாட்சிகளுக்கு வகுத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிடப்படவேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. இதை அறிந்த ஒருவர் சபையில் இருந்து, "அந்தப் பகுதியை மெதுவாக வாசியுங்கள்" என்று சொன்னால் போதும். தொட்டியைச் சுத்தம் செய்த நாளையும், அடுத்துச் செய்யவேண்டிய நாளையும் தொட்டியிலேயே எழுதிவைப்பது வழக்கம். போகிற போக்கில் நிமிர்ந்து பார்க்க யாருக்கும் செலவில்லை.

ஊராட்சி செய்வதெல்லாம் ஏதோ தயவால் செய்வது என்ற எண்ணம் நம்மில் ஊறிக் கிடக்கிறது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமோ, ஊர்ச் சாலைகள், தெருவிளக்கு, வடிகால், குப்பை அகற்றுதல், பொதுக் கழிப்பிடம், கிணறு குளங்களைப் பேணுதல் ஆகியவற்றைக் கடமை என்றே வரிசைப்படுத்துகிறது. இடுகாடும் சுடுகாடும் அந்த வரிசையில் உண்டு. கல்லறைத் தோட்டத்துக்குச் செல்லும் பாதையில் விளக்கு வேண்டும் என்று பங்குக் குழுவில் ஆண்டுக்கணக்கில் பேசுகிறோமே, அந்தக் கோரிக்கையைக் கொண்டு செல்லவேண்டிய இடம் கிராம சபை. (கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதிச் சுவர் எழுப்பிய ஊர்களும் நம்மிடையே இருந்தன என்பதை இங்கே மறைப்பதற்கில்லை. விளக்கு கேட்கப் போகும்போது அதையும் நினைவில் கொள்வது நல்லது.)

ஊராட்சி என்றதும் மேடைப் பேச்சாளர்கள் உத்தரமேரூர்க் கல்வெட்டை எடுத்துவிடுவார்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே, முப்பது குடும்புகளுக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்தார்கள் என்பது பெருமைதான். ஆனால் அது நிலமுடைய பிராமணர்களின் சபை. உழுதவனுக்கும் பெண்ணுக்கும் அங்கே ஓலை இல்லை. அந்தக் கல்வெட்டில் நம்மை ஈர்ப்பது வேறொரு விதி. பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய உறவினரும் மீண்டும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகுதியற்றவர் என்கிறது அது. கணக்குக் கேட்பது புதிய பழக்கம் அல்ல. கேட்கும் உரிமை இன்று எல்லாருக்கும் வந்திருக்கிறது என்பதே புதிது.

1993ஆம் ஆண்டு ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசியல் சட்டத் திருத்தமே அந்த உரிமையைத் தந்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் ஐந்தாண்டு பதவிக்காலம். நமக்கு அப்படி ஒன்று இல்லை. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரை தமிழகத்து ஊராட்சிகளுக்குத் தேர்தல் நடைபெறவில்லை. தனி அலுவலர்கள் நிர்வகித்தனர். 2025 ஜனவரி 5 அன்று 28 மாவட்டங்களில் மீண்டும் அதே நிலை ஏற்பட்டது. தேர்ந்தெடுக்கப்பட்டவர் நாற்காலியை விட்டு இறங்கிய அந்த நாட்களிலும் கிராம சபையின் உறுப்பினர்கள் உறுப்பினர்களாகவே இருந்தார்கள். அத்தகைய காலத்தில்தானே நாம் இன்னும் கூடுதலாக வந்திருக்கவேண்டும்?

முன்னாளில் ஊராட்சியின் அறிவிப்பைத் தண்டோரா போட்டுத் தெரிவிப்பார்கள். பறையை முழக்கித் தெருமுனையில் நின்று கூவியவர், பெரும்பாலும் அந்தத் தெருவுக்குள் சரிசமமாக நடமாட அனுமதிக்கப்படாதவராகவே இருந்தார். ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவருக்கு ஊரின் முடிவில் பங்கில்லை. 2022 ஆகஸ்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுதி, தண்டோரா முறையை நிறுத்தி, வாகனத்தில் ஒலிபெருக்கி கட்டி அறிவிக்கச் சொன்னார். மிகவும் தாமதமாக வந்த நீதி அது. அதே ஆண்டில், அதுவரை நான்காக இருந்த கிராம சபை நாட்கள் ஆறாக்கப்பட்டன. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகியவற்றுடன், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22உம், உள்ளாட்சி தினம் எனப்பட்ட நவம்பர் 1உம் சேர்ந்தன. நகரத்தில் வாழும் வாசகர்களுக்கும் சொல்லவேண்டும்: 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபை என்ற பெயரில் அவர்களுக்கும் இத்தகைய கூட்டம் ஏற்பட்டது.

சபையில் எழுதப்படும் தீர்மானத்துக்கு வலு உண்டா என்று கேட்பவர்கள் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை நினைக்கலாம். மேலூர்ப் பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விடப்பட்டபோது, 2024 நவம்பரில் அந்த ஊரின் கிராம சபை எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. சுற்றுப்புற ஊராட்சிகளும் அவ்வாறே செய்தன. மக்கள் திரண்டனர், சட்டமன்றமும் தீர்மானம் இயற்றியது, 2025 ஜனவரியில் மைய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. தீர்மானம் ஒன்றே இதைச் சாதித்தது என்று சொல்ல மாட்டோம். எனினும், ஊர் வேண்டாம் என்றது என்பதற்கு எழுத்தில் சான்றாக நின்றது அந்தப் பதிவேடு.

மீண்டும் நம் சிற்றூருக்கு வருவோம். அம்மையாரின் புகாரைக் குறித்துக்கொள்வதாகச் செயலர் சொன்னார். "குறிப்பு வேண்டாங்க, தீர்மானத்திலே எழுதுங்க. எழுதினதை வாசிச்சுக் காட்டுங்க" என்றார் அம்மையார். பற்றாளரும் தலையசைத்தார். பதினைந்து நாட்களுக்குள் கடைசித் தெரு வால்வைச் சீர்படுத்தி, நீர் விடும் நாளையும் வேளையையும் அலுவலகப் பலகையில் எழுதிவைப்பது என்று எழுதப்பட்டது. பதினைந்து நாளில் நடக்கவில்லை. நவம்பர் 1 கூட்டத்தில் அவர் முந்திய தீர்மானத்தின் நகலைக் கேட்டார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி பத்து ரூபாய் கட்டி எழுதிக் கேட்டால் முப்பது நாளில் பதில் தரவேண்டும் என்று கல்லூரியில் படிக்கும் அண்டை வீட்டுப் பெண் சொல்லிக் கொடுத்திருந்தாள். மனு எழுதவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. அடுத்த வாரமே வால்வு மாற்றப்பட்டது. ஒருநாள் விட்டு ஒருநாள் காலையில் நீர் வரத் தொடங்கிற்று. தலைத்தெரு மோட்டார்கள் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தன.

2024ஆம் ஆண்டு ஜனவரி 21, ஞாயிறு. அந்த ஊர்க் கோவிலில் இரண்டு ஓலைகள் வாசித்து முடித்த சாமியார் தாளைத் திருப்பி, வருகிற வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கிராம சபை என்றும், குடிநீர், கல்லறைப் பாதை விளக்கு ஆகியவை பேசப்படும் என்றும் வாசித்தார். கோவிலில் அதே அமைதி நிலவியதாம்.

வெள்ளியன்று நூற்று முப்பது பேர் வரை வந்திருந்தனர். இருநூறு ஆகவில்லை. வழக்கம்போல் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஒருவர் புறப்பட்டார். "அது இங்கேயே இருக்கட்டும் அண்ணே, ஆளைக் கூட்டிக்கிட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு மூன்று இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் கிளம்பினார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கூட்டம் தொடங்கிற்று.